முதுகும் முதுகும் முட்டிய கோலம்

நட்டநடுத் தெருவில், புதுத் தார் ரோட்டின் மேல், லலிதா அக்காவின் முதுகும் கஸ்தூரியின் முதுகும் தொப்பென்று முட்டிக்கொண்டன.

இரண்டு பேரும் குந்தியபடியே பின்னால் நகர்ந்து வந்தவர்கள். லலிதா அக்கா தெருவின் மேல் முனையிலிருந்து. கஸ்தூரி ஏரிக்கரை முனையிலிருந்து. கோலம் போடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். முன்னால் போனால் போட்டதையே மிதிக்க வேண்டிவரும். ஆகவே இரண்டு கட்சியும் அவரவர் கோலத்தைப் பார்த்தபடி, எதிர்க்கட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலையிலிருந்து பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். முட்டாமல் என்ன செய்யும்?

லலிதா அக்கா மாவுக் கிண்ணத்தோடு பக்கவாட்டில் சாய்ந்தார். கஸ்தூரி ஒரு கையை ஊன்றிச் சமாளித்துத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேர் மூக்கிலும் வெள்ளை. மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்த்த ஆண்பிள்ளைகள் வரைக்கும் தெருவே சிரித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. அந்தச் சண்டை புரிய வேண்டுமானால் முதலில் தெரு புரிய வேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் உங்களைப் பெருங்களத்தூர் ஸ்டேஷன் கூட்டத்தில் நசுங்க விட்டுவிட்டு நான் பாட்டுக்கு அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். வாருங்கள், இன்றைக்கு வீடு வரைக்கும் கூட்டிப்போகிறேன்.

மேல் பாதி, கீழ்ப் பாதி

அப்போது நாங்கள் பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கி, இரண்டு அறை மட்டும் கட்டிக் குடிவந்திருந்தோம். வீட்டுக்கு ஒரு செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம். அதைச் சட்டைப் பையில் வைத்தால் பை தொங்கும்.

எங்கள் தெரு ஒரே நேர்கோடு. ஆனால் மேல் பாதி ஒருவர் போட்ட லேஅவுட். கீழ்ப் பாதி அதற்குப் பிறகு வேறொருவர் போட்டது. மேல் பாதியில் மாடி வீடு, டைல்ஸ், கார் நிற்க போர்ட்டிகோ. கீழ்ப் பாதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எங்கள் வீட்டைப் போலப் பூசாத செங்கல் சுவர். மழை பெய்தால் மேல் பாதித் தண்ணீர் எங்களிடம் வரும். ஏரி நிரம்பினால் ஏரித் தண்ணீரும் எங்களிடம்தான் வரும். வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே இருந்தது எங்கள் பாதி.

ஸ்டேஷனுக்குப் போக மேல் பாதி வழிதான் வழி. இல்லாவிட்டால் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். அங்கே சேறு, கருவேல முள், போதாக்குறைக்கு நாய்கள்.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, மெஷினை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை வைத்தபோது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆனவள். விடிந்த பிறகு கிளம்பினால் போதும். கஸ்தூரி அப்படியில்லை. கோவளம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்து, லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தவள். முதல் ரயிலைப் பிடித்துச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், அன்னக்கூடையில் மீனோடு திரும்பி, மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் விற்று முடிப்பாள். அவள் தெருமுனையில் வாயைத் திறந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சட்டியோடு வெளியே வருவார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். சண்டை போட்டாலும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். மறுநாளே சங்கரா மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

தார் வந்தது, கூடவே கேட் பேச்சும் வந்தது

ஒரு மார்கழி மாதம், மழை விட்டுக் கொஞ்ச நாளில், பேரூராட்சியிலிருந்து எங்கள் தெருவுக்குத் தார் போட வந்தார்கள். அடேயப்பா, அன்றைக்கு இருந்த குதூகலத்தைத் தீபாவளிக்குக்கூட நான் பார்த்ததில்லை. ரோலர் வண்டி ஊர்ந்துவர, அதன் பின்னால் பாதித் தெரு நடந்துவந்தது. நான் லீவு போட்டுவிட்டு நின்றேன். ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். தார்ச்சூட்டுக்குப் பக்கத்தில் நின்றதில் முகம் நிஜமாகவே காய்ச்சல்காரி மாதிரிதான் சிவந்திருந்தது.

சூடு ஆறியதும் பெண்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று ரோட்டையே பார்த்தார்கள். கன்னங்கரேலென்று, ஒரு ஜல்லி துருத்தாமல், மேல் முனையிலிருந்து ஏரிக்கரை வரை ஒரே கறுப்பு. அதுவரை எங்கள் கோலங்கள் செம்மண்ணிலும் ஜல்லியிலும் விழுந்து பாதி காணாமல் போகும். இந்தக் கறுப்பில் வெள்ளை இழுத்தால் எப்படி இருக்கும்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் விரலும் துறுதுறுவென்றுதான் இருந்தது.

தார் காய்வதற்குள் சந்தானம் சார் ஒரு யோசனையோடு வந்தார். இவர் லலிதா அக்காவின் கணவர், பாங்கில் வி.ஆர்.எஸ். வாங்கி ஓய்வுபெற்றவர், தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர். ரோடு நன்றாக ஆகிவிட்டதால் கண்ட வண்டியும் குறுக்கு வழியாக இதில் வரும், பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவின் செயினை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஆகவே தெருவின் நடுவில், மேல் பாதி முடிகிற இடத்தில், இரும்பு கேட் போட வேண்டும் என்றார். ராத்திரி பூட்டி, நன்றாக விடிந்த பிறகு திறப்பார்களாம். பஞ்சாயத்து ரோட்டில் எப்படி கேட் போடுவது என்று யாரோ கேட்டதற்கு, அதெல்லாம் தான் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

செயின் பயம் பொய்யில்லை. மேல் பாதிப் பெண்கள் தாலிச் செயினை ஜாக்கெட்டோடு ஊக்கு குத்திக்கொண்டுதான் நடந்தார்கள். ஆனால் விடியும் முன் ரயிலுக்குப் போகிறவள் என்ன செய்வாள்? சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள். அந்த நேரத்தில் தினமும் யார் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்துவது? முதல் ரயிலை விட்டால் நல்ல மீன் போய்விடும். மிச்சம் மீதியை வாங்கிவந்து விற்றால் பிழைப்பு நடக்காது. கஸ்தூரி அலட்டிக்கொள்ளாமல் என்னிடம் சொன்னாள், கேட் வந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு குப்பத்துக்கே போய்விடுவதாக.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கேட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு சாயந்திரம் பொதுக்கூட்டம். சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும், வீட்டுக்கு ஒரு ஓட்டு. கீழ்ப் பாதியில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். எண்ணிப் பார்க்காமலே முடிவு தெரிந்துவிட்டது.

அனகாபுத்தூரில் ஒரு பாவு

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது அனகாபுத்தூர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மாவும் வாத்தியார், தெருவில் மற்ற எல்லாரும் நெசவு. காலையில் பல் தேய்க்க வெளியே வந்தால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறிக்குப் போக வேண்டிய பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். நூல் காய்கிற வரைக்கும் தெரு அவர்களுடையது. சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பால்காரர் சுற்றிக்கொண்டு போவார். ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். நூல் அறுந்தால் யார் வீட்டு வாசலில் அறுந்ததோ அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து முடிச்சுப் போடுவார், பாவு யாருடையதாக இருந்தாலும்.

எங்கள் வீட்டில் கோலம் கிடையாது. அப்பா திருச்சபையில் பெரிய பொறுப்பில் இருந்தவர், ஒப்புக்கொள்ள மாட்டார். அம்மாவுக்கோ கை சும்மா இருக்காது. டிசம்பர் வந்தால் வாசலில் ஒரு நட்சத்திரம் போடுவாள். அப்பா கேட்டால் இது கோலமில்லை, நட்சத்திரம் என்பாள். நட்சத்திரத்துக்கு எதற்கு இத்தனை புள்ளி என்று அப்பா கேட்பார். புள்ளி இல்லாமல் எப்படி நட்சத்திரம் வரும் என்பாள் அம்மா. வருஷா வருஷம் இதே வழக்கு, இதே தீர்ப்பு, ஜெயிப்பது அம்மா.

அந்தப் பாவும் அந்த நட்சத்திரமும் சேர்ந்துதான் என் மண்டைக்குள் புகுந்திருக்க வேண்டும். தார் போட்ட மறுநாள் லலிதா அக்கா வாசலில் பெண்கள் கூடி நின்று, ஆளுக்கொரு கோலம் போட்டு ரோட்டைத் திறக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொன்று எதற்கு, தெரு முழுக்க ஒரே கோலமாகப் போடலாமே என்று நான் சொன்னேன். ஒரே கம்பி, எங்கும் அறுபடாத ஒரே கோடு. மேல் முனையில் கிளம்பி, வீடு வீடாக வளைந்து, ஏரிக்கரையைத் தொட்டுத் திரும்பி வந்து கிளம்பிய இடத்திலேயே சேர வேண்டும்.

உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

லலிதா அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விரல் காற்றில் சுழித்துக்கொண்டிருந்தது. அவர் சிக்குக் கோலத்தில் புலி. ரேஷன் வரிசையில் நின்றாலும் கட்டை விரலால் உள்ளங்கையில் கோலம் போட்டுப் பார்ப்பவர். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, வரும் என்றார். அவ்வளவுதான், தெருவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

கயிறும் முடிச்சும்

நாள் அந்த ஞாயிறுதான். காலையில் கோலம், சாயந்திரம் கேட் கூட்டம். கூட்டத்துக்கு எப்படியும் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் அதையே வைத்துக்கொண்டோம். இதில் எனக்கு ஒரு உள்நோக்கமும் இல்லை. சத்தியமாக இல்லை. கோலத்தின் மேல் இருந்த ஆசையில் கேட்டைக்கூட மறந்திருந்தேன்.

மாவு உள்ளூரில் பத்தவில்லை. கூடுவாஞ்சேரி மார்க்கெட்டிலிருந்து என் வீட்டுக்காரர் மூட்டையாக வாங்கிவந்தார். ரயிலில் மூட்டை ஓட்டையாகி, அவர் இறங்கி நடந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை முதல் கோலம் போட்டது இவர்தான் என்று தெருவே கேலி செய்தது.

புள்ளிகள் இடைவெளி மாறாமல் இருக்க இரண்டு சணல் கயிறுகளை ஒரே அளவில் வெட்டி, ஒரே அளவில் முடிச்சுப் போட்டோம். கயிற்றை ரோட்டின் குறுக்கே பிடித்து, முடிச்சுக்கு ஒரு புள்ளி. ஒரு கயிறு மேல் பாதிக்கு, ஒரு கயிறு கீழ்ப் பாதிக்கு. அவரவர் முனையிலிருந்து கிளம்பி நடுவில் சந்திக்க வேண்டும். மேல் பாதிக்கு லலிதா அக்கா தலைவி. கீழ்ப் பாதிக்கு யார் என்று கேட்கவே இல்லை. கஸ்தூரி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதான் மீனுக்கு நல்ல வியாபாரம். அதை விட்டுவிட்டு நின்றாள்.

நான் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு, ஆசீர்வாதம் முடிந்த கையோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். அதற்குள் இரண்டு முனைகளிலும் வெள்ளை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ரோடு முழுக்கத் தண்ணீர் தெளித்து, கறுப்பு பளபளவென்று இருந்தது. புள்ளி வைக்கிறவர்கள், பின்னால் வளைசல் இழுக்கிறவர்கள், ஓரத்தில் காவி அடிக்கிறவர்கள். உள்பாவாடை தெரியப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஒரு வீட்டு மாமனார், வாழ்நாளில் சமையலறைக்குள் போகாத மனுஷன், சல்லடையில் மாவு சலித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பையை வாசலில் போட்டுவிட்டு, சர்ச்சுக்குக் கட்டியிருந்த பட்டுப் புடவையோடு குந்திவிட்டேன்.

அப்படி வந்ததுதான் அந்த முதுகு முட்டல். சிரித்தபடி இரண்டு கட்சியும் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் மிச்சமிருந்த இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் அவசர அவசரமாகப் புள்ளி வைத்து, வளைசல் இழுத்து, நெருக்கி மூடினார்கள். பிறகு கடைசிக் கம்பியை இணைக்க லலிதா அக்கா குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

சேரவில்லை.

லலிதா அக்காவின் கம்பி இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில், வழியை மறித்துக்கொண்டு, கஸ்தூரியின் புள்ளி உட்கார்ந்திருந்தது. தெருவின் அகலம் முழுக்க இதே கதை.

நடந்தது இதுதான். லலிதா அக்கா வீட்டு வழக்கம் நேர்ப்புள்ளி, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. கஸ்தூரி வழக்கம் ஊடுபுள்ளி, மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி. கயிற்றை அவர் நேராகவே பிடித்துக்கொண்டு வந்தார். இவள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரை முடிச்சு தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எந்தப் புள்ளி என்று இரண்டு பேரும் பேசவே இல்லை. அவரவருக்கு அவரவர் புள்ளிதான் புள்ளி. இன்னொன்றும் இருக்கிறது என்று யாருக்கு ஞாபகம் வரும்? காலையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு வந்ததில் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்கவும் இல்லை, கடைசி அவசரத்திலும் அவரவர் கயிற்றைத்தான் பார்த்தார்கள்.

யார் அழிப்பது

கோலம் போடுகிறவர்களுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. யாராவது ஒருத்தர் தன் கடைசி வரிசையை அழித்தால் போதும். கஸ்தூரி அழித்தால் அந்த இடத்தில் லலிதா அக்கா ஒரு வரிசை வைக்கலாம். லலிதா அக்கா அழித்தால் கஸ்தூரி வைக்கலாம். எப்படிச் செய்தாலும் கம்பி சேர்ந்துவிடும்.

ஆனால் அடுத்தவள் போட்டதை நாம் அழிக்கக் கூடாது. அது வாசலில் வந்து அவளை அடித்த மாதிரி. போட்டவளேதான் அழிக்க வேண்டும். கம்பி முட்டாமல் அரைகுறையாக விடவும் கூடாது. அதைவிட அபசகுனம் வேறில்லை என்பார்கள்.

மேல் பாதியிலிருந்து ஒரு பெண், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், கஸ்தூரியிடம் உங்கள் வரிசையை அழித்துவிடுங்களேன் என்றாள். கஸ்தூரி எழுந்து நின்றாள். அவள் கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரோட்ல நாங்கதான் ஒதுங்கிப் போவணும். இப்ப கோலத்துலயும் நாங்கதான் அழிக்கணுமா? கேட்டு வந்தா நான் வூட்ட காலி பண்ணிக்கினு போயிடுவேன். நான் போட்டத நானே அழிச்சுட்டுப் போவ மாட்டேன்."

கேட் என்ற வார்த்தையை அன்று காலையிலிருந்து ஒருவரும் உச்சரிக்கவில்லை. காலி செய்துகொண்டு போவாள் என்பது மேல் பாதிக்கு அப்போதுதான் தெரியும். கேட் கம்பம் நட சந்தானம் சார் சுண்ணாம்பால் குறித்திருந்த இடம் கஸ்தூரியின் கடைசி வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நல்லதாக எதுவும் வந்திருக்காது. அதற்குள் லலிதா அக்கா கஸ்தூரியைக் கேட்டார்.

"நீ எதுக்குக் காலி பண்ணிட்டுப் போகணும்?"

முதல் ரயில், மார்க்கெட், ஏரிக்கரை எல்லாவற்றையும் கஸ்தூரி நாலே வார்த்தையில் சொன்னாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெளித்த தண்ணீர் காய்ந்து, ஓரத்தில் மாவு பறக்க ஆரம்பித்திருந்தது. லலிதா அக்கா ஒருமுறை மேல் முனை வரை பார்த்தார், ஒருமுறை ஏரிக்கரை வரை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஈரத்துணியை வாங்கி, தன் கடைசி வரிசையைத் தன் கையாலேயே துடைத்தார்.

எளிதாகத் துடைக்கவில்லை. உதடு இறுகியிருந்தது. அத்தனை சீரான வளைசல்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து ரோட்டின் அந்த ஓரத்துக்குப் போனபோது அவர் கண் கலங்கியிருந்தது. கோலத்துக்காகக் கலங்கியதா, கஸ்தூரிக்காகக் கலங்கியதா என்று நான் கேட்கவில்லை.

"வை" என்றார். "வெயில் ஏறுது."

கஸ்தூரி கயிற்றை எடுத்தாள். மேல் பாதி எல்லைக்குள் கால் வைத்துக் குந்தி, லலிதா அக்கா துடைத்த ஈரத்தின் மேல் தன் புள்ளிகளை வைத்தாள். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். வளைசலை இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து இழுத்துவந்தார்கள், இந்த முறை முகத்தைப் பார்த்தபடி. கடைசிக் கம்பியை லலிதா அக்கா சேர்த்தார்.

சேர்ந்தது.

அப்பா, அந்தச் சத்தம் இருக்கிறதே! மேலே இருந்தவர்கள் மாடிப்படி இறங்கி ஓடிவந்தார்கள். யாரோ குலவையிட்டார்கள், யாரோ விசிலடித்தார்கள், விசிலடித்தது ஒரு மாமியார் என்று பிறகு தெரிந்தது. கம்பி சரியாக வருகிறதா என்று பார்க்க, ஓரமாக நடந்து, விரலால் காற்றில் கோட்டைத் தொடர்ந்துகொண்டே மேல் முனையிலிருந்து ஏரிக்கரை வரை போனோம், திரும்பி வந்தோம். எங்குமே அறுபடவில்லை. மாடியேறி நின்று முழுசாகப் பார்த்தேன். இத்தனை பெரியதை நாங்களா செய்தோம்? மேல் பாதிப் பெண்கள் முதல் தடவையாகக் கீழ்ப் பாதி வீடுகளுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். என் பட்டுப் புடவை அன்றோடு சரி.

வீட்டுக்கு ஒரு ஓட்டு

சாயந்திரம் லலிதா அக்கா வீட்டுப் போர்ட்டிகோவில் கூட்டம். நாற்காலியில் ஆண்கள், சுவரோரம் பெண்கள். என் வீட்டுக்காரரிடம் ஓட்டை நான்தான் போடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டிருந்தேன். அவர் தகராறு செய்யவில்லை, பழகியவர்.

சந்தானம் சார் காலைக் கோலத்தை வாயாரப் புகழ்ந்தார். அதே மூச்சில் தீர்மானத்தைப் படித்தார். ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நாற்காலிகளில் கைகள் எழுந்தன. எண்ணுவதற்காக அவர் எழுந்தபோது, காபித் தட்டோடு வந்த லலிதா அக்கா தட்டை மேஜை மேல் வைத்தார்.

"எங்க வீட்டு ஓட்டு இன்னிக்கு நான் போடறேன். கேட் வேண்டாம்."

சந்தானம் சார் தாழ்ந்த குரலில், செயினுக்குப் பயமாக இருக்கிறது என்று தினமும் புலம்பியது நீதானே என்று கேட்டார்.

"பயந்தான். லைட் போடச் சொல்லுங்க, வாட்ச்மேன் போடுங்க. என் வரிசைய என் கையால அழிச்சு அந்தக் கோட்டச் சேர்த்திருக்கேன். அதுக்கு நடுவுல கம்பம் நடறேன்னு என்கிட்டயே சொல்றீங்களே."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, காபி ஆறுகிறது என்றார்.

அதன்பிறகு நடந்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சுவரோரம் நின்ற பெண் ஒருத்தி முன்னால் வந்து, தன் கணவர் தூக்கியிருந்த கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள். அடுத்தவள் கணவரைத் தொடக்கூட இல்லை, பார்த்தாள், அவராகவே இறக்கிவிட்டார். சில கைகள் இறங்கவில்லைதான். ஆனால் வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டபோது எழுந்த கைகளில் பாதி நகக்கண்ணில் வெள்ளை அப்பிய கைகள். சந்தானம் சார் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷன்தான், பாவம்.

நான் காபிக்கு நிற்கவில்லை. ரோட்டோரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கீழ்ப் பாதிக்குப் போனேன். கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து, மறுநாளுக்காக அன்னக்கூடையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டு இல்லாததால் கூட்டத்துக்கு வரவில்லை. முடிவு இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்த முகம். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். லலிதா அக்கா சொன்னதைச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"அப்ப காலைல இந்த வழியாவே போலாமாக்கா?"

போகலாம் என்றேன். யார் கதவையும் தட்ட வேண்டாம் என்றேன்.

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து ரோட்டோரம் வந்தாள். வாசல் படியிலிருந்து மேல் முனை வரை, ஓரத்தில் ஒற்றைக் காலடி அகலம் போக, ரோடு முழுக்கக் கோலம். அவள் முகம் மாறிவிட்டது. நிஜமான கவலையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரோடு பூரா கோலமா கீதே. இருட்டுல, கூடையத் தூக்கிக்கினு, நான் எங்கக்கா கால் வைக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடிப் பாவி, மிதித்துக்கொண்டு போ என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.